"பந்தயத்துக்குத் தயார்" என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட கார்: நெவாடா திறந்த சாலைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

நெவாடா மாநிலத்தின் 318ஆம் எண் நெடுஞ்சாலையில் மே மாதமும் செப்டம்பர் மாதமும் நடக்கும் திறந்த சாலைப் பந்தயங்களில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தென் கலிபோர்னியாவில் உள்ள ஒரு பட்டறை, காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்து தருவதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, பொருத்தாத பொருள்களைப் பொருத்தியதாக ரசீது போட்டுக் கொடுத்தது. வழக்கு இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எதை எப்படி மறைத்தார்கள் என்பதை எழுதத் தடையேதும் இல்லை. பெயரைவிட அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இந்தப் பந்தயத்தின் போக்கைச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் ஏமாற்றின் கனம் புரியாது. 1988 முதல் நடந்துவரும் இந்தப் போட்டிக்காக, லண்ட் என்ற சிற்றூரிலிருந்து ஹைக்கோ அருகே வரை 90 மைல் நீளமுள்ள பொதுச்சாலையை அரசின் அனுமதியோடு மூடிவிடுகிறார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். உச்ச வரம்பில்லாத பிரிவைத் தவிர மற்றவற்றில் வேகமாக வந்தவர் வெல்வதில்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் தொடங்கி ஐந்தைந்து மைலாக ஏறும் பிரிவுகளில், தாம் பதிவு செய்துகொண்ட சராசரி வேகத்துக்குரிய நேரத்தை மிக நெருங்கி வந்தவரே வெல்கிறார். நான் பதிவு செய்திருந்தது 150 மைல் பிரிவு. 90 மைலைச் சரியாக 36 நிமிடத்தில் கடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு நொடி வித்தியாசத்துக்குள் வந்தாலும் முதலிடம் உறுதியில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கடிகாரத்தோடு விளையாடும் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நேரத்தையும், நேரோஸ் எனப்படும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கின் வளைவுகளில் வேகம் குறையும் நேரத்தையும் நேர்ப்பாதையில்தான் ஈடுகட்ட முடியும் என்பதால், கார் பெரும்பகுதி நேரம் 150 மைலுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

டயரின் கதை இங்கேதான் வருகிறது. வட்டப்பாதைப் பந்தயத் தளத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் பிடிப்பதால், நேர்ப்பாதையில் உச்ச வேகத்தில் சுழலும் டயருக்கு இடையிடையே மூச்சு கிடைக்கும். 318இல் அந்த ஓய்வு அபூர்வம். என் காரின் பின் டயர் 150 மைல் வேகத்தில் நொடிக்கு 30 முறைக்கு மேல் சுழல்கிறது; ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீள்கிறது; அந்த நசுங்கலே வெப்பமாகிறது. அரைமணி நேரத்துக்கு மேல் அந்த வெப்பம் ஏறிக்கொண்டே போனால், தகுதி குறைந்த டயரில் மேல்தளம் உள்ளிருக்கும் எஃகுப் பட்டையிலிருந்து பிரிந்து வந்துவிடும். இதனால்தான் டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து, டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண்ணும், அதை ஒட்டித் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தும் அச்சிடப்படுகின்றன. 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், அதாவது 149 மைல். 'டபிள்யூ' என்றால் 168 மைல். 'ஒய்' என்றால் 186 மைல். அந்த ஓர் எழுத்து மாறினால் எல்லாமே மாறிவிடும்.

என்னுடையது செவ்ரோலே நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய்ச் சட்டமான பின்பக்க ரோல் பார், உடலை இருக்கையோடு பிணைக்கும் ஆறு முனைப் பந்தயப் பட்டைகள் இரண்டு, நான்கு புதிய 'ஒய்' தர டயர்கள், உலோகத் தாங்கியோடு தீயணைப்பான், எண்ணெய்களும் பிரேக் திரவமும் மாற்றுதல் என்று ஏறத்தாழ ஒன்பதாயிரம் டாலருக்கு வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது. பாதியை முன்பணமாகக் கடன் அட்டையில் கட்டினேன். மீதியை வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி என்றார்கள், அப்படியே அனுப்பினேன். ரசீதின் அடியில் "போட்டியின் தொழில்நுட்பச் சோதனையில் தேறும் வகையில்" என்று எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் தருவதாகச் சொன்ன காரை, பாகம் வரவில்லை, வெல்டிங் செய்கிறவர் விடுப்பில் இருக்கிறார் என்று தள்ளிக்கொண்டே போய், பந்தய வாரத்தில் மாலை இருட்டும் நேரத்தில் பளபளவென்று கழுவித் துடைத்து ஒப்படைத்தார்கள். அந்தத் தாமதம் சோம்பேறித்தனத்தால் வந்ததல்ல, திட்டமிட்டது என்றே இப்போது நினைக்கிறேன். மறுநாள் காலையில் நெவாடாவுக்குக் கிளம்ப வேண்டியவன் காரை வேறொரு பட்டறையில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கவா போகிறான்?

ஈலி நகரில் நடந்த சோதனையில் முதலில் சிக்கியது டயர்தான். என்னோடு வழிகாட்டியாக வந்திருந்த தம்பி முறை நண்பர், சோதனையாளர் வருவதற்கு முன்பே குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, முன்னாடி 95 ஒய்னு இருக்கு, பின்னாடி 99 வினு இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். ஒன்றல்ல. நான்கும் ஒரே நிறுவனத்துடையவை, ஒரே மாதிரிக் கோலம் கொண்டவை என்பதால் நின்று பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. தயாரிப்புத் தேதிக்கான நான்கு இலக்க எண்ணையும் தேடினோம். அதில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம் என்பதை அறிந்தவர்கள், அந்தப் பக்கம் உள்நோக்கி இருக்கும்படி பின் டயர்களை மாட்டியிருந்தார்கள். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் 3117 என்றிருந்தது: 2017ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். ரப்பர் குறுக்கே மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தன. ரசீதிலோ "புதியது, நான்கு."

டயரோடு நின்றிருந்தால், ஈலியிலிருந்து ஏறத்தாழ 240 மைல் தொலைவில் இருக்கும் லாஸ் வேகாசுக்கு ஆளனுப்பி வேறு வாங்கிவரலாம் என்று முயன்றிருப்போம். அடுத்து வந்தது அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டது. சோதனையாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். இருக்கைக்குக் கீழே கையை விட்டு, கால்களுக்கு இடையே வரும் பட்டையை இரண்டு முறை பலமாக இழுத்துப் பார்த்தார். பிறகு தரைவிரிப்பைத் தூக்கச் சொன்னார். காருக்கு அடியில் நீண்ட கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை நீட்டி எங்களையும் பார்க்கச் சொன்னார். பட்டையைத் தாங்கும் போல்ட் தரையைத் துளைத்துக்கொண்டு வந்து, ஒரு சாதாரண வாஷரிலும் நட்டிலும் முடிந்திருந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கேனும் பின்தகடு எனப்படும் ஓர் எஃகுத் தகடு இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் தலைமுறை கார்வெட்டை அறிந்தவர்களுக்கு இதன் பயங்கரம் உடனே விளங்கும். அந்தக் காரின் தரை எஃகுத் தகடு அல்ல. இரண்டு கலப்புப் பொருள் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்யப்பட்டது. எடை குறைவு, இரைச்சல் குறைவு, நல்ல பொறியியல்தான். ஆனால் மோதலின்போது ஒரு மனித உடலின் பல மடங்கு எடை அந்த ஒற்றை வாஷரின் மேல் விழுந்தால், அது பால்சாவைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். போல்ட்டின் தலையிலும் மூன்று கோடுகள்தான் இருந்தன. ஆறு கோடுகள் இருந்தால் வலிமை கூடிய தரம் 8. மூன்று என்றால் தரம் 5. ரசீதில் தரம் 8 என்று தனி வரியே இருந்தது, பின்தகடுகளுக்கும் தனி விலை போடப்பட்டிருந்தது. மோசமாகச் செய்த வேலைக்கும், செய்யாத வேலைக்கு வாங்கிய காசுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு வரிகளே காட்டுகின்றன.

பட்டைகளும் புதியவை அல்ல. பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் 16.1 தரச் சான்று பெற்ற பட்டைகள், தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புதிய நெசவுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும். அதற்காகவே மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்ட முத்திரைத் துணி ஒவ்வொரு பட்டையிலும் தைக்கப்பட்டிருக்கும். என் காரில் இருந்த முத்திரைகள் இருக்கையின் பின்புற மடிப்புக்குள் செருகப்பட்டிருந்தன. இழுத்துப் பார்த்தால் காலம் கடந்தவை. பட்டறைக்காரர் எனக்கு முன்பு அனுப்பிய புகைப்படத்தில் பிரிக்காத புதுப் பெட்டிகள் இருந்தன. அவை யாருடைய காருக்குப் போயினவோ, அல்லது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே பெட்டிகளின் படம்தான் போகிறதோ, தெரியாது.

அந்த ஆண்டு நாங்கள் ஓட்டவில்லை. சோதனையாளர் மறுத்தது முற்றிலும் நியாயம். அவர் தரைவிரிப்பைத் தூக்கச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதன்பின் பலமுறை யோசித்துவிட்டேன். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்: போட்டிச் சோதனை என்பது ஒரு நாளில் ஏராளமான கார்களைப் பார்த்து முடிக்கும் வேலை. ஒவ்வொரு காரின் விரிப்பையும் தூக்குவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. "சோதனையில் தேறும்" என்று ஒரு பட்டறை எழுதித் தருவதற்கும் கார் பாதுகாப்பானது என்பதற்கும் சம்பந்தமில்லை. சோதனையாளரின் கண்ணுக்குத் தப்பும் என்று அவர்கள் போட்ட கணக்காகவும் அது இருக்கலாம்.

பட்டறைக்காரரின் பதில்கள் படிப்படியாக மாறின. முதலில் பின்தகடுகள் போட்டதாகவே சாதித்தார். படங்களை அனுப்பியதும், இந்தக் காருக்கு அவை தேவையில்லை என்றார். டயர் விஷயத்தில் கிடங்கிலிருந்து தவறி வந்துவிட்டது என்றார். கடைசியாக, பந்தயத்துக்கான வேலைகளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, இனி இதைப் பற்றி எங்கும் பேசுவதில்லை என்று கையெழுத்திட்டால் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் கையெழுத்திடவில்லை. பந்தயத்தில் எதுவும் உடையலாம் என்பதால் உத்தரவாதம் தர மறுப்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதை ஏற்கிறேன். ஆனால் அந்த வரி, பொருத்தப்பட்ட பொருள் பின்னால் உடைந்தால் பொறுப்பில்லை என்று சொல்கிறதே தவிர, பொருத்தாத பொருளுக்குப் பணம் வாங்கலாம் என்று சொல்லவில்லை.

பணத்தின் நிலை இதுதான். கடன் அட்டையில் கட்டிய முன்பணத்துக்கு, ஒப்புக்கொண்டபடி பொருள் தரப்படவில்லை என்று வங்கிக்கு எழுத்தில் முறையிட்டேன். கூட்டாட்சிச் சட்டப்படி, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். பட்டறையோடு சமாதானம் பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும், அவர்கள் பேச்சை இழுத்தடிப்பதும் அதற்காகத்தான். படங்களும் சோதனைத் தாளின் நகலும் இருந்ததால் அந்தப் பாதி திரும்பி வந்தது. வங்கி வழியே நேரடியாக அனுப்பிய பாதிக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. தள்ளுபடி எதற்காகத் தரப்பட்டது என்பது இப்போது விளங்குகிறது. அதற்காகச் சிறு தொகை வழக்கு நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்பு ஆணையகத்திடமும் புகார் பதிவாகியிருக்கிறது.

யாராவது உங்களிடம் "முழுப் பொட்டலமாகச் செய்து தருகிறோம்" என்று வந்தால், ரசீதில் "புதிய டயர்" என்று எழுத விடாதீர்கள். அளவு, சுமை எண், வேக எழுத்து, தயாரிப்பு வாரம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். தரைவிரிப்பும் இருக்கையும் மாட்டப்படுவதற்கு முன்பு ஒரு நாள் நேரில் போய், காரை ஏற்றி வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். போக முடியாத தொலைவென்றால், அன்றைய தேதி தெரியும்படி ஒவ்வொரு போல்ட்டின் இரு முனைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரோல் பாரைப் பொறுத்தவரை, குழாயின் சுவர்த் தடிமனை அளக்கச் சிறு துளை ஒன்று போடச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒழுங்கான பட்டறை சிரித்துக்கொண்டே துளை போட்டுத் தரும். காரைப் பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். அந்தத் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி, தாண்டினால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டறை இப்போதும் திறந்துதான் இருக்கிறது. மே மாதப் பந்தயத்துக்கும் அதே வாசகத்தோடு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தென் கலிபோர்னியாவில் கார்வெட்டுக்கு இத்தகைய வேலை செய்துகொண்டவர்கள், எந்தப் பட்டறையாக இருந்தாலும், அடுத்த முறை வேகமெடுப்பதற்கு முன்பு ஓட்டுநர் பக்கம், வழிகாட்டி பக்கம் இரண்டிலும் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். வாஷர் மட்டும் இருந்தால் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து ஆணையகத்துக்கு அனுப்புங்கள். என் புகார் ஒன்றுதான் அங்கே இருக்கிறது. இரண்டாவதாக ஒன்று சேர்ந்தால் அவர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.