அமெரிக்கச் சிறையில் தம்பி: அழைப்பா, மின்னஞ்சலா?

வெள்ளவத்தையிலிருந்து அமெரிக்க மத்திய அரசுச் சிறைக்கு நாம் கோல் எடுக்க முடியாது. தம்பிதான் எடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் அது தானாகவே துண்டித்துவிடும், வெளிநாட்டு அழைப்பென்பதால் கட்டணமும் கூட. கோடையில் நியூயோர்க்கில் இரவு 8 மணி என்றால் இங்கே விடிய 5.30. அம்மா 5 மணிக்கே போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

கைதிகளோடு மின்னஞ்சல் பரிமாற உதவும் கோர்லிங்க்ஸ் (CorrLinks) இணையத்தளம் மலிவு. அவன் சிறைக் கணினியில் வாசித்து எழுதும் நேரத்துக்கு நிமிடத்துக்கு 5 அமெரிக்கச் சதம். இணையத்தில் நமக்கு இலவசம். எழுத்து மட்டும்தான், படம் போகாது. அழைப்பு, மின்னஞ்சல் இரண்டையும் அதிகாரிகள் கண்காணிப்பார்கள், அதனால் வழக்கு விஷயம் வேண்டாம்.

வீட்டுச் செய்திக்கெல்லாம் மின்னஞ்சலே போதும். சரி, அப்புறம் மிச்சமாகும் காசில் மாதம் இரண்டு தரமாவது அவனை எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அவன் குரலைக் கேட்க வேண்டும்.