தார்ன் பள்ளத்தாக்கில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்களே, பிரேக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

பிரான்ஸின் தெற்கில் இருக்கும் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இந்தக் கோடையில் மலை சைக்கிள் ஓட்டப் போகலாம் என்று நம்மவர்கள் பலர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். துலூஸிலிருந்தோ மோன்பெலியேவிலிருந்தோ காரில் சில மணி நேரம்தான். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒரு இடம் அது. ஆனால் அங்கே ஒரு வாடகைக் கடையில் எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், என் தம்பி அன்றைக்கு முழுசாகக் கீழே வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்.

இடத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிரேக்குக்கு ஏன் இவ்வளவு கூச்சல் போடுகிறேன் என்று புரியும். தார்ன் ஆறு சுண்ணாம்புக்கல் பீடபூமிகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு கரையில் கோஸ் மேஜான், மறு கரையில் கோஸ் சோவ்தேர். சேன்த்-எனிமி, லா மலேன், லே வீன் எல்லாம் ஆற்றை ஒட்டிய கிராமங்கள். லு ரோசியேவில் ஜோந்த் ஆறு வந்து சேர்கிறது. அங்கிருந்து கீழே போனால் மீயோ, 2004-இல் திறந்த அந்த உயரமான பாலம் இருக்கும் ஊர். கிராமங்களிலிருந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை. மேலே ஏறிவிட்டால் மரமே இல்லாத புல்வெளி, வெள்ளைக் கல் பாதை, ஆட்டு மந்தைகள். பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிடும், அதனால் மேலே ஓடையே கிடையாது. தண்ணீர் கீழேயிருந்தே சுமந்துகொண்டு போக வேண்டும். 2011-இல் இந்தப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே அழிந்துபோயிருந்த பெரிய பிணந்தின்னிக் கழுகுகளை 1981-இல் ஜோந்த் பக்கம் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தலைக்கு மேலே வட்டமிடுவதை நின்று பார்க்கலாம்.

சைக்கிள்காரர்களுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: காலையில் எவ்வளவு ஏறினீர்களோ, மாலையில் அவ்வளவும் இறங்க வேண்டும். 400 மீட்டருக்கு மேல் இறக்கம். உருளும் கற்கள், ஒரு பக்கம் சரிவு.

கடை ஆற்றங்கரையில் இருந்தது. படகும் சைக்கிளும் ஒரே கவுண்டரில் கொடுக்கிறார்கள். காலை பத்து மணிக்குப் பெரிய வரிசை. எங்கள் முறை வந்ததும் ஒரு இளைஞர் டேப்லெட்டை நீட்டினார், விரலால் கையெழுத்து வாங்கினார், என் கார்டில் சைக்கிளுக்கு 800 யூரோ டெபாசிட் என்று இரண்டுக்கும் பிடித்துவைத்தார். சைக்கிளின் நிலையைக் குறிக்கும் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் இன்று காலைதான் சோதித்தோம், மதாம்" என்றார். ஒப்பந்தத்தின் நகல் மின்னஞ்சலில் வரும் என்றார். வரவே இல்லை. சேதக் காப்பீடு என்று ஒரு சைக்கிளுக்கு 12 யூரோ கூடுதலாகக் கேட்டார். உடைந்தால் கவலை வேண்டாம் என்றார். அதையும் கட்டினேன்.

தம்பி பிரேக்கை அழுத்திப் பார்த்தான். நன்றாகத்தான் பிடித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஏமாற்றின் கண்ணியே இங்கேதான் இருக்கிறது. இப்போதைய மலை சைக்கிள்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். லீவரை அழுத்தினால், சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை (டிஸ்க்) இரண்டு பக்கமும் பேட் என்ற தேயும் கட்டைகள் இறுக்கிப் பிடிக்கும். பேட் தேயத் தேய உள்ளே இருக்கும் பிஸ்டன் தானாகவே முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை ஈடுகட்டிவிடும். பேட் முக்கால்வாசி தேய்ந்திருந்தாலும் லீவரை அழுத்தும் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரியும்.

ஏற்றம் அருமையாக இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லா மலேனில் பாலம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினோம். மேஜான் மேட்டில் வில்லாரே பக்கம் மங்கோலியப் புல்வெளியின் காட்டுக் குதிரைகளை 1993-லிருந்து வளர்த்து வருகிறார்கள். வேலிக்கு வெளியே நின்று வெகு நேரம் பார்த்தோம். தம்பி தன் சைக்கிளை வேலியில் சாய்த்து அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்தான். அந்தப் படம் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

இறங்க ஆரம்பித்துச் சிறிது நேரத்திலேயே அவன் பின் சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். ஒரு வளைவு தாண்டியதும், "அக்கா, லீவர் கைப்பிடி வரைக்கும் வருது, பிடிக்கவே மாட்டேங்குது!" என்று கத்தினான். முன் பிரேக்கும் அதே கதை. அவன் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து, காலை ஊன்றி, புதருக்குள் சைக்கிளோடு விழுந்துதான் நின்றான். மறு பக்கம் விழுந்திருந்தால் என்று நினைக்கவே நடுங்குகிறது. முழங்கையும் முழங்காலும் கிழிந்து ரத்தம். பள்ளத்தாக்கில் பல இடங்களில் போனில் சிக்னல் இல்லை. எங்களுக்கும் இல்லை. (112 வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் போகும்; உங்கள் நெட்வொர்க் இல்லை என்று முயலாமல் விட்டுவிடாதீர்கள்.)

போனின் விளக்கை அடித்து பிரேக்குக்குள் பார்த்தேன். பேட்டில் தேய வேண்டிய பொருள் துளிகூட மிச்சமில்லை. பின்னால் இருக்கும் வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறினால் ஆயில் கொதிக்கும், ஆவி உண்டாகும், லீவர் வெறுமனே உள்ளே போகும். நடந்தது அதுதான். மிச்சப் பாதை முழுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம்.

கடையில் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தார்கள், தம்பியின் முழங்கையை யாரும் பார்க்கவில்லை. முதலாளி வந்தார். டிஸ்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறீர்கள், தவறான பயன்பாடு" என்றார். இரண்டு டிஸ்க், பேட்கள், வேலைக்கூலி, சைக்கிள் கடையில் சும்மா நிற்கும் நாட்களுக்கான இழப்பு என்று எழுதி 286 யூரோவை டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டிய காப்பீடு என்ன ஆயிற்று என்று கேட்டால், "தேய்மானப் பாகங்களுக்குப் பொருந்தாது." இதைக் கவனியுங்கள். காப்பீட்டுக்கு வரும்போது அது தேய்மானம். டெபாசிட்டுக்கு வரும்போது அதே பொருள் எங்களால் வந்த சேதம். பேட் ஒரு ஜோடி 20 யூரோ அளவில், டிஸ்க் ஒன்று 30 யூரோ அளவில் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். அவர் மிச்சம் பிடித்த அந்த 20 யூரோ பேட்டுக்காக ஒரு பையனை அந்தச் சரிவில் இறக்கிவிட்டார். இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஒரே நாளில் பேட் முழுக்கத் தேயுமா? மழையும் சேறும் மணலும் சேர்ந்தால் மென்மையான பேட் ஒரு நாளில் தீர்வது உண்டு. அன்றைக்கு வெயில், காய்ந்த பாதை, நாங்கள் இறங்கியதோ ஒரே இறக்கத்தில் பாதிதான். அதோடு வேலியருகே தம்பி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இறங்குவதற்கு முன்பே டிஸ்க்கில் வட்ட வட்டமாக ஆழமான கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

அப்புறம் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், வேறு இடத்தில் வேறு பொருளை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் பயன்படும். முதலில் அந்தப் படங்களோடு கடைக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். பிரெஞ்சு நுகர்வோர் சட்டத் தொகுப்பின் எல் 421-3 பிரிவு, விற்கும் பொருளிலும் சேவையிலும் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிட்டோம். கடையிலிருந்து பதில் இல்லை. பிறகு வங்கி. போனில் பேசியவர், "நீங்களே கார்டு போட்டு ரகசிய எண் அடித்திருக்கிறீர்கள், ஒன்றும் செய்ய முடியாது" என்று முடித்துவிட்டார். விடவில்லை. அனுமதி கொடுத்தபோது சரியான தொகை சொல்லப்படாமல் இருந்து, எடுத்த தொகை நியாயமாக எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால், பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து 8 வாரத்துக்குள் திரும்பக் கேட்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. பிரான்ஸில் அது நாணய, நிதிச் சட்டத் தொகுப்பின் எல் 133-25. பிரிவு எண்ணைப் போட்டு, படங்களை இணைத்து எழுத்தில் கேட்டோம். 286 யூரோவும் திரும்ப வந்தது. வாடகையும் காப்பீட்டுக் காசும் வரவில்லை. வங்கி தராவிட்டால் கடையின் நுகர்வோர் சமரசரிடம் போகலாம். ஒவ்வொரு வியாபாரியும் அப்படி ஒருவரின் பெயரைக் காட்டியே ஆக வேண்டும். நுகர்வோருக்குச் செலவு இல்லை, ஆனால் அதற்கு முன் கடைக்கு எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும்.

இனி கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் சரி, போன் விளக்கை அடித்து டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேட்டைப் பாருங்கள். இரும்புத் தகட்டைக் கழித்துவிட்டு, தேயும் பகுதி 1 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அந்த சைக்கிள் வேண்டாம். டிஸ்க் ஆறியிருக்கும்போது அதன் மேல் நகத்தை ஓட்டுங்கள். விளிம்பில் நகம் தட்டினால் டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது. ஷிமானோ நிறுவனத்தின் டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் 1.5 (மில்லிமீட்டர்) என்று பொறித்தே இருக்கும். லீவரை அழுத்தியபடி பத்து எண்ணுங்கள், மெதுவாக உள்ளே இறங்கினால் ஆயிலில் கோளாறு. இதையெல்லாம் வீடியோவாக, கடைக்காரர் குரலும் பதிவாகும்படி எடுத்துக்கொள்ளுங்கள். நிலைத் தாள் தர மறுக்கும் கடையில், ஒப்பந்த நகல் கைக்கு வராத கடையில், கார்டை எடுக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று: நம் ஊர் சைக்கிளில் வலது கைதான் முன் பிரேக். இங்கே இடது கை முன் பிரேக். இறக்கத்தில் பழக்க தோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் தலைகுப்புறப் போவார். எந்தக் கடையும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை. சமதரையில் சில நிமிடம் பழகிவிட்டு ஏறுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 2017-லிருந்து ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களும் போட்டுக்கொண்டுதான் இந்த மேட்டுக்குப் போக வேண்டும்.

கடையின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அதைப் போட வேண்டிய இடத்தில் போட்டாயிற்று. சினியால்கோன்சோ (SignalConso) என்பது பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளம். அங்கே எழுதினால் கடைக்கும் தகவல் போகும், ஆய்வாளர்கள் கண்ணிலும் படும். உங்கள் பணத்தை அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள். ஆனால் ஒரே கடை மீது புகார்கள் சேரச் சேர அங்கே ஆய்வுக்குப் போக அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். தார்ன் பக்கம் இதே போல மாட்டியவர்கள் இருந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் அங்கே எழுதிவிடுங்கள். பிரேக் சம்பந்தப்பட்டது என்றால் கட்டாயம் எழுதுங்கள்.