வாக்குத்தத்த அட்டைப் பெட்டி: வாங்குமுன் பார்க்க வேண்டியதும், உள்ளே விட்டுப்போன வசனங்களும்

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அதற்குள் அடுக்கிய சிறு அட்டைகள், அட்டைக்கு ஒரு வேத வசனம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் துக்கவீட்டுக்குப் போகிறவர்களும் அதிகம் வாங்கிக் கொடுப்பது இதைத்தான். நல்ல நாளில் எந்த அட்டை வந்தாலும் மனம் நிறையும். அதனால் அந்த நாளை வைத்து இதை மதிப்பிடுவதில் பயனில்லை. வேலை போனவர், பரிசோதனை முடிவைக் கேட்டு உடைந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஆகியோரின் கையில் இது எவ்வளவு தாங்கும் என்பதே இங்கே கேள்வி.

இதன் பெரிய பலம் சுருக்கம். துயரம் முற்றும்போது ஒரு அதிகாரத்தைத் தொடர்ந்து வாசிக்க முடியாது. கண் வரியில் ஓடும், மனம் எங்கோ நிற்கும். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்துக்கும், தூக்கம் வராத இரவு 2 மணிக்கும் ஒரே வசனம் போதும். கைபேசிச் செயலியிலும் தினவசனம் வரும். ஆனால் வசனத்துக்காகக் கைபேசியை எடுத்தவர் அடுத்த நிமிடம் செய்திகளுக்குள் போய்விடுவார். அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை, சட்டைப்பையில் கிடக்கும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, வசனத்தின் கீழே புத்தகம், அதிகாரம், வசன எண் மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்பது. 'சங்கீதம்' என்று மட்டும் போட்ட அட்டை பயன்படாது. வசனம் முழுமையாக இருக்கிறதா, பாதியில் வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சோதிக்க எளிய வழி, ரோமர் 8:28 அட்டையைத் தேடுவது. 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்று மட்டும் இருந்து, 'தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு' என்ற பகுதி இல்லையென்றால் மற்ற அட்டைகளிலும் அதே கை விளையாடியிருக்கும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். அழுத கண்ணுக்கும் மங்கிய விளக்குக்கும் பூ வேலைப்பாட்டின் மேல் அச்சடித்த வசனம் தெரியாது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் மிக நல்லது, அங்கே எழுத வேண்டியிருக்கும்.

இனி குறைக்கு வருவோம். பெரும்பாலான பெட்டிகளில் ஆசீர்வாத வசனங்களே நிறைந்திருக்கும். அவை உண்மைதான், ஆனால் அவை நின்ற இடத்திலிருந்து பிடுங்கப்பட்டவை. எரேமியா 29:11 இல்லாத பெட்டி அரிது. தேவன் நமக்காக வைத்திருப்பவை 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று அது ஆறுதல் சொல்கிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில், 29:10-ல், விடுதலைக்கு 70 வருஷம் ஆகும் என்றிருக்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்னவன் 28-ஆம் அதிகாரத்து அனனியா. அவன் பொய்த் தீர்க்கதரிசி. அட்டையை மட்டும் வாசிக்கிறவர், கவனிக்காவிட்டால், எரேமியாவின் வசனத்தில் அனனியாவின் வாக்குறுதியை வாசித்துவிடுவார். மூன்று மாதத்தில் வேலை கிடைக்காதபோது தேவன் கைவிட்டார் என்று உடைவதும் அதனால்தான். 70 வருஷக் கணக்கோடு வாசித்தவருக்கு அதே வசனம் நீண்ட காத்திருப்பிலும் நிற்கும்.

பிலிப்பியர் 4:13-ம் அப்படியே. 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்பதைத் தேர்விலும் தொழிலிலும் ஜெயிப்பதற்கான வசனமாக எடுத்துக்கொள்கிறார்கள். பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். முந்தின வசனம் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றதைப் பற்றியது. இழந்தபின்னும் தாங்குகிற பலத்தைத்தான் அவர் சொல்கிறார். பட்டினிக்காரனுக்கு உதவுவதும் அதுதான்.

'தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார்' என்ற ஆறுதலுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1 கொரிந்தியர் 10:13. அது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகியோடச் சொல்கிறது. பாடுகளைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-ல் எழுதுவது வேறு: 'எங்கள் பலத்திற்கு மிஞ்சின' பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். 'என்னால் தாங்க முடியவில்லை' என்று சொல்லும் விசுவாசிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! இந்த வசனத்தைப் பெட்டிகளில் காண்பது கடினம்.

ஆகவே காலி அட்டைகள் பத்துப் பன்னிரண்டு வாங்கி நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள். 'எதுவரைக்கும்' என்று இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை கேட்கும் சங்கீதம் 13 முதலில் வரட்டும். அதோடு சங்கீதம் 42:5, 56:8, 130:1, ஆபகூக் 3:17-18, மாற்கு 9:24, யோவான் 11:35, மேலே சொன்ன 2 கொரிந்தியர் 1:8. புலம்பல் 3:22-23-ஐப் பெட்டியிலேயே காணலாம். அதன் பின்பக்கத்தில் 3:17-ஐ எழுதுங்கள். காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பாடியவர் ஐந்து வசனத்துக்கு முன்னால் 'சுகத்தை மறந்தேன்' என்றவர். சங்கீதம் 88-ம் வேண்டும். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் இறுதியில் வரும் துதி அதில் இல்லை, ஆனாலும் முழுவதும் தேவனை நோக்கியே பேசுகிறது. துதிக்க வராத நாளில் ஜெபிக்க அது ஒரு வழி.

பயன்படுத்தும் முறை இதுதான். ஒரு அட்டை எடுங்கள், வேதத்தில் அந்த இடத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வசனத்தின் சொற்களாலேயே சிறு ஜெபம் செய்யுங்கள். அதே அட்டையை ஒரு வாரம் வைத்திருங்கள். தினமும் புதிது எடுப்பதைவிட இது ஆழமாக இறங்கும். வாசிக்கவே முடியாத நாளில் அட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் குற்றம் இல்லை. மொரேவியச் சபையார் (ஒரு பழைய புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவினர்) ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டிலிருந்து 1731 முதல் அச்சிட்டுவரும் தினவசனப் புத்தகத்தில், குலுக்கலில் வந்த பழைய ஏற்பாட்டு வசனத்தோடு அதற்கேற்ற புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றையும் தேடிச் சேர்க்கிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம்: சீட்டில் வந்தது ஒன்று, தேடி எடுத்தது ஒன்று.

அடிக்கடி நடக்கும் தவறு, பிடித்த வசனம் வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பது. இந்த மருந்தைச் சாப்பிடலாமா, இந்த வேலையை விடலாமா என்று அட்டையிடம் கேட்பது அதைவிடத் தவறு. அங்கே வேதம் குறிசொல்லும் சீட்டாகிவிடுகிறது. பத்து அட்டை எடுத்தும் பயம் தணியவில்லையென்றால் பெட்டியை மூடிவிட்டு ஒரு மனிதரை அழையுங்கள்.

இன்னொருவருக்குக் கொடுப்பதானால், அடக்கம் முடிந்த வாரத்தில் ரோமர் 8:28-ஐ நீட்ட வேண்டாம். அதே அதிகாரத்தின் 26-ஆம் வசனம், சொல்லில் அடங்காத பெருமூச்சுகளைப் பற்றியது, அப்போது பொருந்தும். சங்கீதம் 34:18-ம் நல்லது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தவை தூக்கமும் அப்பமும் தண்ணீரும், பிறகு மறுபடி தூக்கம், மறுபடி உணவு. பேச்சு பிறகுதான் வந்தது (1 இராஜாக்கள் 19). தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அதற்கு இந்தப் பெட்டி ஈடல்ல.

வசன எண் அச்சாகி, எழுத்து பெரிதாகி, பின்பக்கம் காலியாக உள்ள பெட்டி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மூன்றில் முதலாவது இல்லையென்றால் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு கட்டு வெற்று அட்டையும் பேனாவும் வாங்கி, சங்கீதம் 13-லிருந்து தொடங்குங்கள்.