துப்பாக்கிப் பயிற்சி மட்டும் போதுமா? சியரா லியோன், லைபீரியா, மாலி

சிதைந்துபோன ஒரு ராணுவத்தை வெளிநாட்டு உதவியால் எடுத்து நிறுத்த முடியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் மூன்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. என் பார்வையில் சியரா லியோனில் பிரிட்டன் செய்ததுதான் உருப்படியான வேலை.

அங்கே 1990களில் சிப்பாய்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'சோபெல்' (சோல்ஜர், ரெபெல் இரண்டும் சேர்ந்த சொல்). பகலில் ராணுவம், இரவில் கிளர்ச்சிக்காரர். 1997-இல் அந்த ராணுவமே ஆட்சியைக் கவிழ்த்து, எந்தக் கிளர்ச்சிப்படையை எதிர்க்க வேண்டுமோ அதையே தலைநகருக்கு அழைத்து வந்தது. 2000-இல் வந்த பிரிட்டிஷ்காரர்கள் சுடக் கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்து நிர்வாகத்தைச் சீர்செய்தார்கள். பயிற்சிக் குழு 2013 வரை இருந்தது. 2007 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபோது ராணுவம் முகாமை விட்டு நகரவில்லை. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்: 2023 நவம்பரில் தலைநகர் ஃப்ரீடவுனில் ராணுவ முகாமையும் சிறைகளையும் தாக்கியவர்களில் சிப்பாய்களும் இருந்தார்கள்.

லைபீரியாவில் அமெரிக்கா பழைய ராணுவத்தையே கலைத்துவிட்டு, டைன்கார்ப் என்ற தனியார் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்தது ஆள்சேர்ப்புதான். விண்ணப்பித்தவர்களின் படங்களை ஊர்மக்களிடம் காட்டி, உள்நாட்டுப் போரில் கொடுமை செய்தவர் யாரும் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அப்படி உருவானது சுமார் 2,000 பேர் கொண்ட சிறிய படை. ஆனால் மூத்த அதிகாரிகள் இல்லாததால் 2014 வரை நைஜீரியத் தளபதிகளே தலைமை தாங்க வேண்டியிருந்தது.

சரி, மாலி? அங்கே அமெரிக்கா அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது, அமைப்பைத் தொடவில்லை. 2012 ஜனவரியில் வடக்கே அகெல்ஹோக் என்ற ஊரில் கிளர்ச்சிக்காரர்களால் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். போதிய ஆயுதமில்லாமல் கணவர்களை அனுப்பினார்கள் என்று மனைவிமார் தெருவுக்கு வந்தார்கள். மார்ச்சில் தலைநகருக்கு அருகே 'காட்டி' (Kati) என்ற ஊரின் ராணுவ முகாமில் கலகம் வெடித்து ஆட்சி கவிழ்ந்தது. தலைமை தாங்கிய கேப்டன் சனோகோ பலமுறை அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தது. 2020-இல் மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு.

அப்புறம் ராணுவ அரசு ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையை அழைத்தது. 2022 மார்ச்சில் மௌரா கிராமத்தில் மாலி ராணுவமும் வெளிநாட்டுப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. விசாரணை சொன்னது. நெஞ்சு பதறுகிறது. யாரைக் காக்க அந்த ராணுவம்? 2024 ஜூலையில் வடக்கே டின்சவட்டன் என்ற ஊரில் கிளர்ச்சிக்காரர்களிடம் வாக்னரே பலத்த அடி வாங்கியது. 2025 ஜூனில் அது கிளம்ப, அதன் இடத்தில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஆப்பிரிக்கா கோர்' என்ற படை வந்து உட்கார்ந்துவிட்டது.