கொழும்பு வடக்குப் பிள்ளைகளுக்கு ராஃப்டிங் பயிற்சி: அனுப்பலாமா?

வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை ராஃப்டிங் (காற்றடைத்த படகில் ஆற்றுச் சுழிப்புகளில் இறங்குவது) என்கிற சாகசச் சுற்றுலாத் தொழிலுக்குப் பழக்கும் இலவசப் பயிற்சி ஒன்று எங்கள் பக்கத்தில் நடக்கிறது. 18 முதல் 24 வயது வரை எடுக்கிறார்கள், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சித்தியடையாவிட்டாலும் பரவாயில்லை. என் அக்காவின் மகன் அதை முடித்துவிட்டான். முகத்துவாரத்தில் மாலை நேர டியூஷன் வைத்திருக்கிறேன், அதனால் “மிஸ், எங்கட பிள்ளையையும் அனுப்பலாமா?” என்று கேட்கும் பெற்றோர் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடத்துகிற தொண்டு அமைப்பின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. குறைகளை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அனுப்பலாம். ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பயிற்சியின் முதல் பாதி கொழும்பில்: நீச்சல், முதலுதவி, கயிறும் முடிச்சும், கொஞ்சம் ஆங்கிலப் பேச்சு. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் தானாக வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். முகத்துவாரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புகளில், வளர்ந்த பலர் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை. அவர்களை அவசரப்படுத்தாமல், கேலி பண்ணாமல் பழக்கியிருக்கிறார்கள். முதலுதவியும் நல்ல தரம். நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 தடவை மூச்சு கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சைக் கொடுத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு இல்லாமல் போனது காற்று. இதை வீட்டில் தலையணையை வைத்து அக்காவுக்கே செய்து காட்டினான் பையன்.

இரண்டாம் பாதி கித்துல்கலவில். அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் ஏ7 வீதியில், களனி கங்கைக் கரையில் இருக்கிற ஊர். ஆற்றுச் சுழிப்புகளை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். கித்துல்கலவில் பெரும்பாலும் 2, 3. புதியவர்களும் இறங்கக்கூடிய ஆறுதான், ஆனாலும் விளையாட்டல்ல. மேலே லக்சபான நீர்மின் நிலையங்கள் இருப்பதால் அங்கே தண்ணீர் விடுவதைப் பொறுத்தும் ஆற்றின் மட்டம் மாறும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை வேறு. ஆற்றைப் பார்த்துப் படிக்கத் தெரியாதவர் அங்கே வழிகாட்டியாக இருக்கவே கூடாது.

பயிற்சி முடிகிற கட்டத்தில் ஒரு நாள் உறவினரை அழைத்து, பிள்ளைகள்தான் எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்று விடுவார்கள். நானும் அக்காவும் போனோம். கரையில் வைத்துப் பையன் எனக்கு லைஃப் ஜாக்கட்டைப் போட்டுவிட்டு, வார்களை இறுக்கி, இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். “சித்தி, இது காது வரைக்கும் வந்தா உங்களைக் காப்பாத்தாது” என்று சொல்லி மறுபடி அவிழ்த்து இறுக்கினான். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை ஆறு ஓடுகிற பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்திருக்க வேண்டுமாம். எழுந்து நிற்கப் பார்க்கவே கூடாது. பாறைக்கிடையில் கால் சிக்கினால் முழங்காலளவு தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். இதை எங்கள் எல்லாரையும் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் படகை இறக்கினான். ராஃப்டில் “முன்னுக்கு”, “பின்னுக்கு”, “கயிறைப் பிடிங்க” என்று தமிழிலேயே கட்டளை கொடுத்தான். அக்கா பயத்தில் துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாலும் இறங்கும்போது இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாள்.

இந்தப் பயிற்சியை நான் மதிப்பதற்குக் காரணம் பின்னேரம் நடந்ததுதான். மேலே மலையில் மழை இருண்டுகொண்டு வந்தது. கொழும்பிலிருந்து காசு கட்டி வந்த ஒரு ஆபீஸ் கூட்டம் ஜாக்கட் போட்டுக்கொண்டு தயாராக நின்றது. அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தது மட்டக்குளியைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. அவள் கரையோரக் கல் ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்த கல். அதன் பாதி இப்போது தண்ணீருக்குள். தண்ணீரின் நிறமும் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. சிங்களத்தில், பணிவாக, ஆனால் இழுக்காமல் சொன்னாள்: ஆறு ஏறுகிறது, இன்று இறக்க மாட்டோம், காசைத் திருப்பித் தருவோம் அல்லது வேறு நாள் வாருங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்தினார், இவ்வளவு தூரம் வந்தோம், காலையில் மற்றவர்கள் போகவில்லையா என்று. அவள் கல்லைக் காட்டி அதையே மறுபடி சொன்னாள். பயிற்றுநர் பின்னால் நின்றார், குறுக்கே வரவில்லை. முடிவு அவளுடையதாகவே இருந்தது.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை, பம்பலப்பிட்டிப் பக்கம் வீட்டு வேலை என்று போகிற குடும்பங்கள் எங்கள் பிள்ளைகளுடையவை. காசு வைத்திருக்கிறவரிடம் “முடியாது” என்று சொல்வதை அவர்கள் வீட்டில் பார்த்ததே இல்லை. 20 வயதுப் பிள்ளை ஒன்று அதைச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு மரியாதையும் கிடைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இனிக் குறைகள். அந்தப் பிள்ளை படித்த இந்தப் பாடத்தை வேலை கிடைத்த பிறகு காப்பாற்ற முடியுமா என்பதுதான் என் பெரிய கவலை. அக்கா மகனைச் சேர்த்துவிட்ட இடத்தில் சம்பளம் ஒவ்வொரு சவாரிக்கும்தான். ஆறு ஏறிவிட்டது என்று சவாரியை நிறுத்தினால் அன்றைக்கு அவனுக்குக் கை வெறும் கை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அப்படி. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. சட்டப்படி ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டியது. “நிரந்தர ஊழியர் இல்லை” என்று சொல்லித் தட்டிவிட்டார்கள். பயிற்சியில் “நிறுத்தத் தெரிய வேண்டும்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, நிறுத்தினால் பட்டினி என்கிற இடத்தில் கொண்டுபோய் விடுவது எப்படிச் சரியாகும்? சவாரி இல்லாத நாளுக்கும் அடிப்படைச் சம்பளம் தருகிற இடங்களுக்கு மட்டும்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்று அமைப்பு கையெழுத்து வாங்க வேண்டும். இதை அவர்களிடம் உறுதியாகச் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்கள்.

சுற்றுலா எவ்வளவு சீக்கிரம் நின்றுபோகும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. 2019 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது எங்கள் வாசலில் நடந்த மாதிரி. 2018இல் 23 லட்சத்துக்கு மேல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் அதற்குப் பிறகு வராமல் போக, கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தன. 2024இல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் கையில் இன்னொரு தகைமையும் இருக்க வேண்டும்.

மொழியும் பிரச்சினை. செயல்முறை வகுப்புகளில் தமிழ் பேசும் உதவிப் பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார், அருமையான மனிதர். எழுத்துக் குறிப்புகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். கயிறு வீசுவதில் முதலாவதாக வந்த பையன் எழுத்துப் பரீட்சையில் கடைசியாக வந்தான், கேள்வி விளங்கவில்லை என்பதால். இரண்டு வாரத்தில் தமிழாக்கித் தரக்கூடிய வேலை இது. நானே செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பஸ் காசு தருவார்கள், ஆனால் பிந்தும். கைக்காசு இல்லாத வீடுகள் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சாப்பாடு நல்லது.

சேர்க்கும் முன் சான்றிதழைப் பற்றியும் கேளுங்கள். அது தேசிய தொழிற்தகைமையின் எந்த மட்டத்துக்கு ஒப்பானது என்று எழுத்தில் வாங்குங்கள், மொத்தம் 7 மட்டங்கள் உண்டு. பயிற்சிச் சான்றிதழும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுக்கும் வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் ஒன்றல்ல. அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் தயாராக வையுங்கள்.

அடுத்த சேர்க்கைக்கு என் வகுப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கித்துல்கலவில் பெண்பிள்ளைகளின் தங்குமிடத்தில் இரவில் பொறுப்பாக யார் இருப்பார் என்று அவளுடைய அம்மா கேட்டார். இந்த முறை இருந்த ஏற்பாடு போதாது, கழிவறைக்கு முற்றத்தைக் கடந்து போக வேண்டியிருந்தது. அதை மாற்றுகிறோம் என்று வாய்ச்சொல் வந்திருக்கிறது. இடத்தை நானும் அந்த அம்மாவும் போய்ப் பார்த்த பிறகுதான் படிவத்தில் கையெழுத்து.