மந்திரம் ஓதினால் யாருக்கெல்லாம் தெரிய வேண்டும்? மேசை ஆட்ட விதிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனை வேட ஆட்டங்களில் ஒரு பாத்திரம் மந்திரம் ஏவும்போது, அருகில் நிற்பவர்களுக்கு அது எந்த அளவுக்குத் தெரியும் என்ற கேள்வி சண்டைக் காட்சிகளில் பெரும்பாலும் எழுவதில்லை. வாள்கள் உருவப்பட்ட பிறகு ஒளிப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. பேரம், விசாரணை, விருந்து, அரசவை, சுங்கச் சாவடி போன்ற இடங்களில்தான் அந்தக் கேள்வி முழு ஆட்டத்தின் போக்கையும் தீர்மானிக்கிறது. குன்னூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் குழுவுக்கு நான் டன்ஜன் மாஸ்டராக (சுருக்கமாக டி.எம்., கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) இருக்கிறேன். எங்கள் கேம்பெய்ன், அதாவது வாரந்தோறும் தொடரும் கதை, நடக்கும் நிலம் நீலகிரியின் சாயலில் அமைந்தது என்பதால் மலைப்பாதைகளும் சந்தைகளும் சாவடிகளும் அதில் அதிகம். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு அடிக்கடி வந்துவிடுகிறது.

ஒப்பீட்டுக்கு ஒரே காட்சியை எடுத்துக்கொள்கிறேன். பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையின் ஒரு வளைவில், எங்கள் நிலப்படத்தில் ஒரு சுங்கச் சாவடி இருக்கிறது. நான்கு காவலர்கள் நிற்கிறார்கள். அவர்களில் தலைவன் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்கிறான். கோத்தகிரியிலிருந்து வரும் தம்பி, தன் விசார்ட் (மந்திரத்தைக் கற்றுத் தேர்ந்தவர்) பாத்திரத்தின் சார்பில், சொல்லும் யோசனையை எதிராளி ஏற்று நடக்கச் செய்யும் 'சஜெஷன்' மந்திரத்தை ஏவ நினைத்து, "அண்ணா, நான் அவர்கிட்ட பேசிக்கிட்டே நடுவுல மெதுவா சொல்லிடறேன், மத்த மூணு பேருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்கிறார். இதற்கு ஒவ்வொரு ஆட்டமும் வெவ்வேறு பதில் தருகிறது.

பதில்களுக்குள் போகும் முன், இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மந்திரம் ஒன்று ஏவப்பட்டது என்பது தெரிகிறதா? ஏவியவர் யார் என்பது தெரிகிறதா? ஏவப்பட்டது எந்த மந்திரம் என்பது தெரிகிறதா? நான் பார்த்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் நீண்டவை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் மந்திரங்களுக்கு ஓதும் சொல், கைமுத்திரை, பொருள் என மூன்று உறுப்புகள் உண்டு. ஒவ்வொரு மந்திரத்துக்கும் இவற்றில் எவை தேவை என்று அதன் விவரத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். சஜெஷனுக்குச் சொல்லும் பொருளும் தேவை, கைமுத்திரை தேவையில்லை. அந்தப் பொருள் ஒரு பாம்பின் நாக்கும், அதனோடு ஒரு துண்டுத் தேனடையோ ஒரு துளி எண்ணெயோ ஆகும். சொல் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று விதிநூல் வரையறுக்கவில்லை. குறிப்பிட்ட சுருதியும் அதிர்வும் கொண்ட ஒலிச்சேர்க்கையே மந்திரத்தை இயக்குகிறது என்று மட்டும் சொல்கிறது. தம்பியின் கேள்வி பிறப்பது இந்த இடைவெளியில்தான். ஆயினும் அவர் எதிர்பார்க்கும் பதில் விதியில் இல்லை. ஓதும் சொல் வேறு, காவலனிடம் சொல்லும் யோசனை வேறு, முன்னது முடிந்த பிறகே பின்னது வரும் என்று ஆட்டத்தை வெளியிடுபவர்களே தங்கள் அதிகாரப்பூர்வ விளக்கத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். 2017இல் வந்த சனாதர் பெயரிலான துணைநூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, மூன்று உறுப்புகளில் ஒன்றாவது இருந்தால்தான் ஏவுதல் பிறர் கவனத்துக்கு எட்டும், எதுவும் இல்லையென்றால் எட்டாது என்று கூறுகிறது. எந்த மந்திரம் என்று அறிய விரும்புபவர், பிறர் செயலுக்கு உடனே எதிர்வினை செய்யத் தனக்குள்ள ரியாக்‌ஷனைச் செலவழித்து, மந்திர அறிவைப் பகடையால் சோதிக்கும் ஆர்க்கானா சோதனையில் 15உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணை எட்ட வேண்டும். இரண்டாம் நிலை மந்திரமான சஜெஷனுக்கு அது 17. ஆகவே சாவடியின் மற்ற மூன்று காவலர்களுக்கு ஏதோ மந்திரம் ஓதப்படுகிறது என்பதும் ஓதுபவர் யார் என்பதும் தெரியும்; எது என்பது மட்டும் அநேகமாகத் தெரியாது.

இந்த முறையின் பெரிய பலம், மறைவாக ஏவும் ஆற்றலை அது விலைக்கு வைத்திருப்பதுதான். மந்திரம் பிறவியிலேயே அமைந்த சார்சரர் பாத்திரங்களுக்குரிய 'சட்டில் ஸ்பெல்' என்ற ஆற்றல், அவர்களுக்குக் குறைந்த அளவிலேயே கிடைக்கும் சார்சரி புள்ளிகளில் ஒன்றைச் செலவழித்தால் சொல்லும் முத்திரையும் இன்றி ஏவ விடுகிறது. எங்கள் தம்பியின் விசார்டுக்கு நான் "சரி, மெதுவாகச் சொன்னால் போதும்" என்று அனுமதி கொடுத்துவிட்டால், அதே மேசையில் அந்த ஆற்றலுக்காகவே சார்சரரைத் தேர்ந்தெடுத்த இன்னொருவரின் சிறப்பை இலவசமாக வாரி வழங்கியவனாகிறேன். பேச்சுத் திறனில் தேர்ச்சி வாங்கிய ரோக் (தந்திரமும் களவும் கைவந்தவர்) பாத்திரத்துக்கும் இதே அநியாயம்தான். அவர் ஏமாற்றுவதற்குப் பகடை உருட்டித் தோற்கும் அபாயத்தை ஏற்கிறார், தோற்றால் சிறை. மந்திரக்காரரின் முயற்சி தோற்றாலும் யாருக்கும் எதுவும் தெரியாது என்றால், பேசுவதற்கு அந்த மேசையில் வேறு யாரும் தேவையில்லாமல் போய்விடும். மந்திரம் கண்டிப்பாகத் தெரிய வேண்டும் என்று நான் வாதாடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதே ஆட்டத்தின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் விலை இன்னும் கடுமையாக இருந்தது. சொல்லின்றி ஏவ 'சைலண்ட் ஸ்பெல்', முத்திரையின்றி ஏவ 'ஸ்டில் ஸ்பெல்' என இரண்டு தனித்தனி ஃபீட்களை, அதாவது பாத்திரம் வளரும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்களை, எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மந்திரத்தை ஒரு நிலை உயர்ந்த ஸ்லாட்டுக்கு (ஒரு நாளில் மந்திரம் ஏவக் கிடைக்கும் இடங்களில் ஒன்று) தள்ளிவிடும். ஒருவரை வசப்படுத்தும் முதல் நிலை மந்திரமான 'சார்ம் பெர்சன்' முற்றிலும் மறைவாக வேண்டுமென்றால் மூன்றாம் நிலை ஸ்லாட் போய்விடும், அதாவது எதிரிகளை எரிக்கும் ஒரு நெருப்புக் கோள மந்திரத்தின் இடம். நேர்மையான கணக்கு என்றாலும், அதைச் செலவழிக்க மனம் வராமல் பலரும் அந்த ஃபீட்களைத் தொடாமலே விட்டார்கள் என்பது என் எண்ணம்.

பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைப்பதில்லை. மந்திரம் ஏவினால் ஒளி, சடசடப்பு, நெடி என ஏதாவது ஒன்று வெளிப்படையாகத் தோன்றும். 2023இல் திருத்தி எழுதப்பட்ட விதிநூலின்படி ஏறக்குறைய எல்லா மந்திரங்களுக்கும் எழுத்துகள் ஒளிரும் வண்ண வளையம் ஒன்று காற்றில் எழும். மறைவாக ஏவத்தக்கவை எவை என்பதை 'சட்டில்' என்ற அடையாளமே காட்டிவிடும். அந்த அடையாளம் உள்ளவற்றுக்கு ஓதுதலும் இல்லை, வெளிப்பாடும் இல்லை. டி.எம். ஒருவருக்கு இது பெரிய நிம்மதி. தீர்ப்பு சொல்ல வேண்டிய சுமை குறைகிறது, விவரத்தைப் படித்தால் போதும். ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. ஏவுபவரின் வகைக்கேற்ப வளையம் மாறலாம் என்றாலும், எல்லாமே வளையம்தான் என்பதால் மந்திரம் ஏறக்குறைய ஒரே சாயலுக்கு வந்துவிடுகிறது. படுகர் ஊர்களை நினைவூட்டும் ஒரு சிற்றூரில், தலைமுறைகளாக மூலிகையோடு ஓதி வைத்தியம் பார்க்கும் பாட்டியின் மந்திரமும், கோட்டைக்குள் பயின்ற விசார்டின் மந்திரமும் வளையமாகவே எழுவது எங்கள் நிலத்தின் இயல்புக்கு ஒட்டவில்லை.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த முரண். கர்ப்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பில் தேர்ச்சி கூடக் கூடச் சடங்கு சுருங்குகிறது. தேர்ச்சி 9 அல்லது அதற்குக் கீழே என்றால் கைகால்கள் எல்லாம் அசைய வேண்டும், உறுதியான குரலில் ஓத வேண்டும், நேரமும் இரட்டிப்பாகும். 10 முதல் 14 வரை சில மெல்லிய சொற்களும் ஒரு கையசைவும் போதும். 15 முதல் 19 வரை ஓரிரு சொல்லும் இரண்டு விரல்களின் அசைவும். 20ஐ எட்டினால் சொல் அல்லது அசைவு, இரண்டில் ஒன்று. 25ஐ எட்டினால் எதுவுமே வேண்டாம், வெறித்துப் பார்த்தபடி மனத்தை ஒருமுகப்படுத்தினால் போதும். இதற்கு நேர் எதிராக, ஷேடோரன் ஆட்டத்தில் மந்திரத்தின் வலிமை கூடக் கூட அது கண்ணில் படுவது எளிதாகிறது. அதன் நான்காம் பதிப்பில், கவனிக்க விரும்புபவர் பகடையில் பெற வேண்டிய வெற்றிகளின் எண்ணிக்கை 6இலிருந்து மந்திரத்தின் வலிமையைக் கழித்தால் கிடைப்பது. வலிமை 1 என்றால் ஐந்து வெற்றி வேண்டும், வலிமை 5 என்றால் ஒன்றே போதும்.

நாடகமாகப் பார்த்தால் கர்ப்ஸின் விதி அழகானது. குருவுக்கும் சீடனுக்கும் உள்ள வேறுபாட்டை வேறெந்த விதியும் இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை: சீடன் முற்றத்தில் கைகால் ஆட்டிக் கத்துகிறான், குரு திண்ணையில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். ஆனால் ஆட்டமாக நடத்தும்போது ஷேடோரனின் விதியே எனக்கு உதவுகிறது. அது ஒவ்வொரு முறையும் ஆடுபவரை யோசிக்க வைக்கிறது: காவலன் மறுக்கவே முடியாத அளவு வலிமையாக ஏவி, மற்றவர் கண்ணில் படும் ஆபத்தை ஏற்பதா, அல்லது மெல்லியதாக ஏவி, அது பலிக்காமல் போகும் ஆபத்தை ஏற்பதா? கர்ப்ஸில் 25ஐத் தொட்டவருக்கு இந்த யோசனையே இல்லை. அந்த நிலையில் உள்ள வில்லன் ஒருவனை எங்கள் கதைக்குள் கொண்டுவந்தால், ஆடுபவர்கள் அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வழியே இருக்காது. துப்பறியும் கதை அங்கேயே செத்துவிடும்.

1993இல் வந்த 'மேஜ்: தி அசென்ஷன்' ஆட்டம் கேள்வியையே வேறு பக்கம் திருப்புகிறது. தற்செயல் என்று நம்பத்தக்க மந்திரம் பாதுகாப்பானது. யதார்த்தத்தை அப்பட்டமாக மீறும் மந்திரம் பாரடாக்ஸ் என்ற எதிர்விளைவைக் கொண்டுவரும், சாதாரண மனிதர் பார்த்துவிட்டால் அது இன்னும் மோசமாகும். சாவடியில் வண்டியின் அச்சு "தானாக" முறிந்தால் சரி, தடுப்புக்கட்டை ஆகாயத்தில் எழுந்தால் வினை. நம் காலத்து உலகில் நடக்கும் கதைக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. மந்திரம் இருப்பதை எல்லோரும் அறிந்த ஓர் உலகில் இதற்கு வேலை குறைவு.

எல்லாவற்றையும் விட நான் உயர்வாக மதிப்பது ஆர்ஸ் மாஜிக்கா ஆட்டத்தின் வழி. இதன் முதல் பதிப்பு 1987இல் வந்தது. நான் சொல்வது ஐந்தாம் பதிப்பின் கணக்கு. மந்திரம் பலிக்குமா என்று தீர்மானிக்கும் கூட்டு எண்ணுக்கு உறுதியான குரலும் துணிந்த கையசைவும் அடிப்படை. உரத்த குரலுக்கு ஒன்று கூடும். மெல்லிய குரலுக்கு 5 குறையும். குரலே இல்லையென்றால் 10 குறையும். மிகைப்படுத்திய அசைவுக்கு ஒன்று கூடும். நுட்பமான அசைவுக்கு 2, அசைவே இல்லையென்றால் 5 குறையும். தம்பியின் கேள்விக்கு இங்கே "முடியாது" என்ற பதிலே தேவைப்படாது. "முடியும், விலை இவ்வளவு" என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடலாம். உலகத்தின் தர்க்கமும் கெடுவதில்லை. அங்கே நிற்கும் காவலர்களுக்கும் உரிய மரியாதை கிடைக்கிறது. கூர்ந்த காது உள்ளவன் மெல்லிய குரலையும் பிடிக்கலாம், சந்தை இரைச்சலில் உறுதியான குரலும் தப்பலாம்.

ஆகவே எங்கள் மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதியின் மீது ஆர்ஸ் மாஜிக்காவின் ஏற்ற இறக்கத்தைப் பொருத்தியிருக்கிறோம். இயல்பான குரலில் ஓதினால் எந்த மாற்றமும் இல்லை. கிசுகிசுத்தால் எதிராளியின் சேவிங் த்ரோவுக்கான, அதாவது மந்திரத்துக்குத் தப்ப அவர் உருட்டும் பகடைக்கான, இலக்கு எண் 2 குறையும். உரக்க ஓதினால் 1 கூடும். முற்றிலும் ஓசையின்றி ஏவுவது சட்டில் ஸ்பெல் வைத்திருப்பவருக்கு மட்டுமே உரியது. அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. ஓசை எட்டும் தூரத்துக்கு, டி.எம்.களுக்கென்று 2017இல் வந்த தடுப்புத் திரையில் அச்சான அட்டவணையையே எடுத்துக்கொண்டோம்: இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையை, அடங்கிய ஓசைக்கு 5 அடியாலும், இயல்பான ஓசைக்கு 10 அடியாலும், பெரும் ஓசைக்கு 50 அடியாலும் பெருக்க வேண்டும். சராசரி 7 என்பதால் கிசுகிசு சுமார் 35 அடியும், இயல்பான ஓதல் சுமார் 70 அடியும் போகும். தலைவனோடு ஒட்டி நிற்கும் மூவருக்கும் கிசுகிசு பெரும்பாலும் கேட்டுவிடும். பாறைக்கு அப்பால் குதிரை கட்டும் ஐந்தாவது ஆளுக்குக் கேட்காது. அதனால் தம்பி இப்போதெல்லாம் முதலில் மற்ற மூவரையும் தள்ளி நிறுத்த வழி தேடுகிறார். ரோக் பாத்திரத்துக்கு அங்கே வேலை பிறக்கிறது.

மூடுபனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலைப்பாதையில் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாத நாள்கள் உண்டு. எங்கள் கதையிலும் அது பாதி நாள் இறங்கியிருக்கிறது. அடர்ந்த பனி கண்ணை முழுவதும் மறைத்தாலும் காதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. மந்திரத்தை முறியடிக்கும் 'கவுன்ட்டர்ஸ்பெல்', 60 அடிக்குள் ஒருவர் ஏவுவதைக் கண்ணால் பார்த்தால்தான் செல்லும். எனவே பனிக்குள் நிற்கும் எதிரி விசார்ட் ஓதும் குரல் தெளிவாகக் கேட்டும், நம் பாத்திரத்தால் அதை முறிக்க முடியாது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. மூன்று உறுப்புகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதும் மந்திரத்தின் வாசகத்திலேயே சேர்ந்திருக்கிறது. ஓதுவது யார் என்ற இரண்டாவது கேள்விக்கும் பனி புதிய பதில் தருகிறது: திசை தெரியும், ஆள் தெரியாது. பாத்ஃபைண்டரின் ஒளிவளையத்தை இந்தப் பனிக்குள் வைத்துப் பார்த்தால், வடிவம் கரைந்து ஒரு நிறப்பூச்சாகப் பரவும் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். மந்திரம் நடக்கிறது என்பது இன்னும் அதிகம் பேருக்குத் தெரியும், ஏவியவரைச் சுட்டிக்காட்டுவதுதான் கடினமாகும்.

இவை அனைத்தும் எதிர்த்தரப்புப் பாத்திரங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும். சாவடித் தலைவனுக்குப் பின்னால் நிற்கும் அரசவை விசார்ட் கிசுகிசுத்தால், அவருடைய இலக்கு எண்ணையும் நான் 2 குறைக்கிறேன். ஆடுபவர்கள் எல்லோருக்கும் அதைக் கவனிக்கும் பர்செப்ஷன் சோதனை உண்டு என்பதைப் பகடை உருட்டும் முன்பே அறிவிக்கிறேன். இன்னும் தீராமல் இருப்பது ஒன்று: கைமுத்திரையை மேலங்கிக்குள் மறைப்பதற்கு என்ன விலை வைப்பது. ஆர்ஸ் மாஜிக்காவில் அசைவின் விலை குரலின் விலையில் பாதி அளவுதான். அந்த விகிதத்தைப் பின்பற்றினால் எங்கள் மேசையில் அது 1 ஆக வேண்டும். வருகிற வாரங்களில் அந்த எண்ணை வைத்து ஆடிப் பார்க்கப் போகிறோம்.