பி.காம்., பிபிஏ சேர்க்கை: என்ஐஆர்எஃப், நாக் தளங்களில் எதைப் பார்ப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரெங்கும் ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ பேனர்கள் முளைத்துவிடுகின்றன. அதில் எவ்வளவு உண்மை என்று வீட்டிலிருந்தே பார்க்க இரண்டு இலவச வழிகள் உண்டு. ஒன்று, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசை. இன்னொன்று, கல்லூரிகளின் தரத்தை ஆய்ந்து கிரேடு தரும் தேசிய அமைப்பான நாக்-இன் மதிப்பீடு. பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரியில் பிள்ளையை வணிகவியலில் சேர்க்க நினைப்பவர்களுக்கு என்ஐஆர்எஃப்பின் ரேங்க் பட்டியலால் அநேகமாகப் பயனில்லை. அதற்காகக் கல்லூரிகள் கொடுக்கும் பிடிஎஃப்தான் பொக்கிஷம்.

நாட்டில் 40,000-க்கும் மேல் கல்லூரிகள் இருக்க, பட்டியலில் பெயர் வருவது சில நூறுக்குத்தான். கல்லூரிப் பிரிவில் ஆராய்ச்சிக்கு 15 சதவீதம், வெளியுலக மதிப்புக்கு 10 சதவீதம் எடை. நன்றாகக் கணக்குப்பதிவியல் சொல்லித்தரும் அறுநூறு மாணவர் கல்லூரிக்கு அந்த இரண்டிலும் மதிப்பெண் தேறாது. ஆகவே பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டாம்.

விண்ணப்பித்த கல்லூரி, தான் அனுப்பிய விவரங்களைத் தன் இணையதளத்திலும் வைக்க வேண்டும். முகப்பின் அடியிலோ ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) பகுதியிலோ ‘என்ஐஆர்எஃப்’ என்ற இணைப்பு இருக்கும். அதில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைப் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு வரிசை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அனுமதிக்கப்பட்ட இடம் 240, சேர்ந்தவர்கள் 180, உரிய காலத்தில் முடித்தவர்கள் 126, வேலை பெற்றவர்கள் 30, மேல்படிப்புக்குப் போனவர்கள் 40, இடைநிலைச் சம்பளம் (மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஆண்டுக்கு ரூ.2,16,000.

கால்வாசி இடம் காலி. சேர்ந்த 180 பேரில் 54 பேர் அரியரிலோ பாதியில் நின்றோ போயிருக்கிறார்கள். முடித்த 126 பேரில் வேலையும் மேல்படிப்பும் சேர்த்து 70 பேர், அதாவது சுமார் 56 சதவீதம். சம்பளம் மாதம் ரூ.18,000. அதுவும் வேலை கிடைத்த 30 பேரின் நடுமதிப்புதான், வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். பத்தே பேருக்கு நல்ல வேலை வாங்கிக் கொடுத்த கல்லூரியிலும் இந்த எண் பளபளவென்று தெரியும். எத்தனை பேர் என்று பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அதே பிடிஎஃப்பில் அதிகம் பேர் கவனிக்காத ஓர் இடம் உண்டு: கல்விக் கட்டணம் முழுவதையும் அரசிடமிருந்து, கல்லூரியிடமிருந்து, தனியார் அமைப்புகளிடமிருந்து திரும்பப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற விவரம். கல்லூரி தரும் பத்தியில் பூஜ்யம் இருந்தால், ‘ஏழைப் பிள்ளைகளுக்கு நாங்களே உதவுகிறோம்’ என்ற பேச்சை நம்பிச் சேராதீர்கள். நூலகச் செலவையும் பாருங்கள். சில கல்லூரிகள் ஆசிரியர்கள் பணியில் சேர்ந்த தேதியோடு முழுப் பட்டியலையும் போடுகின்றன. பெரும்பாலோர் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றால், ஆட்கள் நிலைப்பதில்லை என்று பொருள்.

பெரிய குறை, எல்லாத் துறையும் ஒரே எண்ணில் கலந்திருப்பது. இயற்பியலும் பி.காமும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. தவிர, எல்லாம் கல்லூரியே கொடுக்கும் விவரம், ஓராண்டுக்கு மேல் பழையதும்கூட.

துறைகள் கலந்திருக்கும் குறையை நாக் ஓரளவு தீர்க்கிறது. கிரேடில் மயங்க வேண்டாம்: 4-க்கு 3.01 எடுத்தால் ‘ஏ’, 3.00 எடுத்தால் ‘பி பிளஸ் பிளஸ்’. கிரேடு பொதுவாக ஐந்தாண்டுக்கே செல்லும், பேனரில் இருப்பது காலாவதியானதா என்று தேதியைப் பாருங்கள். உண்மையான பயன், கல்லூரி எழுதிய சுய ஆய்வு அறிக்கையில் இருக்கிறது. அதில் 5.2 என்ற பிரிவுக்கான இணைப்பில், வேலை பெற்றவர் படித்த படிப்பு, நிறுவனம், சம்பளம் என்று வரிவரியாக இருக்கும். பி.காம்., பிபிஏ வரிகளை மட்டும் எண்ணுங்கள். முப்பது பேரும் ஒரே பிபிஓ நிறுவனத்தில் இருக்கிறார்களா, ஆடிட்டர் அலுவலகம், வங்கி என்று பரவியிருக்கிறார்களா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணைப்புகள் பல இடங்களில் திறப்பதே இல்லை என்பது எரிச்சல். திறக்காவிட்டால் கல்லூரியிடமே கேளுங்கள். தரத் தயங்குவதே ஒரு தகவல்தான்.

இரண்டு தளமும் சொல்லாதவை சில. பிபிஏ என்றால் 2024-25 முதல் ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் தேவை, நடப்பு ஆண்டின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பி.காமுக்கு அது வேண்டாம், பல்கலைக்கழக இணைப்பு போதும். சிஏ (பட்டயக் கணக்காளர்) எண்ணம் உள்ள பிள்ளை என்றால் எந்த ஷிஃப்ட், வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சிஏவின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம், எனவே அரியர் இல்லாமல் முடிக்கவைக்கும் கல்லூரியே அந்தப் பிள்ளைக்கு ஏற்றது.

பணம் கட்டும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பது சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்தே கணக்கிடப்படும், அதனால் அந்தத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.